இலவச கேமைப் பெரிய ஸ்டோர்களில் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் கேம் செய்கிறேன். இரண்டரை வருடத்தில் உருப்படியாக முடிந்தது ஒன்றே ஒன்று. ஏற்காட்டில் ஆரஞ்சுக் கூடைகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, ஒரு கூடைகூடச் சாயாமல் அடிவாரம் வந்து சேர வேண்டும். அவ்வளவுதான் கேம். விலை கிடையாது, விளம்பரமும் கிடையாது. அதை வெளியிட்ட பிறகு, இதே பைத்தியம் பிடித்த தம்பி தங்கைகள் நிறையப் பேர் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். போடலாமா, வேண்டாமா?

போடலாம். ஆனால் முதல் நாளே வேண்டாம், எல்லாவற்றிலும் வேண்டாம். முதலில் இட்ச் (itch.io) என்ற, சிறு கேம்களை யாரும் ஏற்றக்கூடிய தளத்தில், பிரவுசரிலேயே ஓடுகிற மாதிரி போடுங்கள். உங்களை முன்பின் தெரியாத பத்துப் பேர் கேமைக் கடைசிவரை விளையாடிவிட்டு ஏதாவது எழுதினால், அப்புறம் செல்போன் கேம் என்றால் கூகுள் ப்ளே, கம்ப்யூட்டர் கேம் என்றால் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடை என்று யோசிக்கலாம். நான் இட்ச்சில் போட்டேன், ஏழு மாதம் கழித்து ப்ளேயில் போட்டேன். ஸ்டீமில் போடவில்லை.

ஏன் இட்ச் முதலில்?

காசு கேட்பதில்லை, யாரும் உட்கார்ந்து பரிசோதிப்பதில்லை, காத்திருக்க வேண்டியதில்லை. கேமைப் பிரவுசரில் ஓடுகிற எச்டிஎம்எல்5 வடிவமாக எக்ஸ்போர்ட் செய்து, ஜிப் ஆக்கி ஏற்றி, பிரவுசரில் விளையாடலாம் என்ற கட்டத்தில் டிக் அடித்தால் பத்து நிமிடத்தில் லிங்க் கையில். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என் பெரியம்மாகூடத் தொட்டுத் திறந்துவிடுகிறார்.

அந்த லிங்க்தான் பெரிய விஷயம். நம் ஆட்களை ஒன்றை இன்ஸ்டால் செய்ய வைப்பது, அவர்கள் வீட்டுச் சாவியைக் கேட்பது மாதிரி. இடமில்லை என்பார்கள், வைரஸ் வருமா என்பார்கள், பையன் வரட்டும் என்பார்கள். லிங்க் என்றால் தொடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் ஃபைலாக மட்டும் போட்டால், டவுன்லோட் செய்தவர் திறக்கும்போது ‘உங்கள் கம்ப்யூட்டரைப் பாதுகாத்திருக்கிறோம்’ என்ற மாதிரி நீலப் பெட்டி வந்து நிற்கும். யார் செய்தது என்று காட்டும் கையொப்பச் சான்றிதழ் வாங்காத எல்லாச் சிறு கேமுக்கும் வருவதுதான் அது, ஆனால் பார்க்கிறவர் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். ஸ்டீம் வழியாக இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை. கோடாட் என்ற கேம் இன்ஜினை (கேம் செய்கிற மென்பொருள்) பயன்படுத்துகிறவர்கள் 4.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 2024 ஆகஸ்ட்டில் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் த்ரெட் (ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டுகிற முறை) இல்லாமலே வெப் எக்ஸ்போர்ட் முடிகிறது. அதற்கு முந்தைய 4.x பதிப்புகளில் கேம் ஐபோனில் சரியாக ஓடாமல் ஐபோன்காரர்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

எங்கே எவ்வளவு செலவு?

ஸ்டீம்: ஒரு கேமுக்கு 100 டாலர். ஒன்பதாயிரம் ரூபாயை ஒட்டி. அடுத்த கேமுக்கு மறுபடியும் 100. ஸ்டீம் மாதிரியே இன்னொரு கடையான எபிக் ஸ்டோரிலும் 2023-இலிருந்து நாமே வெளியிடலாம், கட்டணம் அதே 100 டாலர்.

கூகுள் ப்ளே: 25 டாலர், வாழ்நாளில் ஒரே முறை, எத்தனை கேம் வேண்டுமானாலும்.

ஆப்பிள்: வருடத்துக்கு 99 டாலர். கட்டுவதை நிறுத்தினால் கேம் ஸ்டோரை விட்டு இறங்கிவிடும். போதாததற்கு ஒரு மேக் வேண்டும். இலவச கேம் செய்கிற ஆளுக்கு இது வருடா வருடம் மொய் எழுதுவது மாதிரி, திரும்பி வராத மொய். ஆப்பிளைப் பற்றி இதற்கு மேல் நான் பேசப்போவதில்லை.

கட்டும்போது கார்டு மறுத்தால் பதறாதீர்கள். நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடியே இருக்கும், வங்கி ஆப்பில் போய்த் திறந்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் மூடிவிடுங்கள்.

இலவச கேமுக்கு ஸ்டீமில் 100 டாலர் கட்டுவது வீண்தானே?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

2017 ஜூன் வரை கிரீன்லைட் என்ற முறை இருந்தது. எந்த கேம் உள்ளே வரலாம் என்று விளையாடுகிறவர்கள் ஓட்டுப் போட்டார்கள். அதை எடுத்துவிட்டு, காசு கட்டினால் யாரும் வரலாம் என்று மாற்றினார்கள். கட்டிய 100 டாலர், அந்த கேம் 1,000 டாலர் சம்பாதித்த பிறகு திரும்பக் கிடைக்கும். விலையும் இல்லை, உள்ளே வாங்குவதற்கும் ஒன்றுமில்லை என்றால் அந்த ஆயிரம் எந்தக் காலத்திலும் வராது. எங்கள் கடைப் பாஷையில் சொன்னால் அது முழுக்கச் சேதாரம்.

சேதாரம் என்று தெரிந்தே நகை வாங்குகிறோமே, அந்த மாதிரி நினைத்துக் கட்டினால் தப்பில்லை. கிடைப்பது என்ன? உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் கேம் தேடுகிறவர்கள் வருகிற சந்தையில் ஒரு இடம், தானாக நடக்கிற அப்டேட், சேவ் ஃபைலை இணையத்தில் (கிளவுட்) வைக்கிற வசதி. இடம் என்றுதான் சொன்னேன், கூட்டம் என்று சொல்லவில்லை. 2024-இல் மட்டும் அங்கே 18,000-க்கும் மேற்பட்ட கேம்கள் வந்தன. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் ஒரு ஓரத்தில் கடை விரித்துவிட்டு, கூட்டம் இவ்வளவு இருக்கிறதே, நம்மிடம் எப்படியும் வருவார்கள் என்று உட்கார்ந்திருக்கிற கதைதான்.

காசைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேலை. விலை பூஜ்யம் என்றாலும் வங்கி விவரம், வரி விவரம் எல்லாம் கொடுத்தாக வேண்டும். டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவம் ஒன்று வரும், அதில் நம் பான் எண் போதும். காசு கட்டிய நாளிலிருந்து முதல் கேமுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். ‘விரைவில்’ என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரம் வெளியில் தெரிந்திருக்க வேண்டும். விதவிதமான அளவில் முகப்புப் படங்கள், ஐந்து ஸ்கிரீன்ஷாட்டுகள். ஏஐ வைத்துச் செய்த படமோ குரலோ இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும், இது 2024 ஜனவரியிலிருந்து. ராத்திரி இரண்டு மணி நேரம் மட்டுமே கையில் இருக்கிற எனக்கு இது முழுசாக ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் பனி மூட்டம் விழுகிற வளைவுகளைச் செய்யலாம் என்று முடிவு செய்தேன், செய்தேன்.

உங்கள் கேம் கீபோர்டில் மணிக்கணக்காக விளையாடுகிற வகை என்றால் கணக்கு மாறும். அப்படிப்பட்டவர்கள் இருப்பது ஸ்டீமில்தான். அப்போது கட்டுங்கள்.

கூகுள் ப்ளேயில் 12 பேர் வேண்டும் என்கிறார்களே, அது என்ன?

2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் பெயரில் அக்கவுண்ட் திறந்தவர்களுக்கு இந்த விதி. கேமை எல்லாருக்கும் திறப்பதற்கு முன், நாம் சேர்த்தவர்கள் மட்டும் விளையாடிப் பார்க்கிற மூடிய சோதனை நடத்த வேண்டும். குறைந்தது 12 பேர், 14 நாள் தொடர்ந்து அதில் இருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள்.

நான் சரியாக 12 பேரைப் பிடித்தேன். கடையில் மூன்று பேர், சொந்தத்தில் ஆறு பேர், ஐந்து ரோடு பக்கம் தட்டுவடை செட் போடுகிற அண்ணன், அவர் தம்பி, எதிர்வீட்டு டெம்போ ஓட்டுகிற மாமா. பத்தாம் நாள் என் சித்தி பையன் போனில் இடமில்லை என்று சோதனையிலிருந்தே வெளியேறிவிட்டான். “ஏண்டா போன?” என்றால், “நீ ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேண்ணா” என்கிறான். 11 பேர் ஆகிவிட்டது, திரும்ப முதலிலிருந்து. ஆகவே 12 பேர் வேண்டும் என்றால் 18 பேரைப் பிடியுங்கள். எல்லாரிடமும் ஆண்ட்ராய்டு போன், கூகுள் அக்கவுண்ட் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

திட்டிக்கொண்டே செய்தாலும் அந்தப் பதினான்கு நாள்தான் என் கேமைக் கேமாக்கியது. டெம்போ மாமா நாலு வளைவு இறங்கிவிட்டுப் போனைக் கீழே வைத்தார்.

“ஏங் கண்ணு, எதுக்க ஏறி வர்ற பஸ்ஸுக்கு யாரு ஒதுங்கறது?”

“நீங்க ஹாரன் அடிச்சா அது நிக்கும் மாமா.”

“அது எப்படி நிக்கும்? மலையில ஏறுற வண்டிக்குத்தான் இறங்குறவன் வழி விடணும். ஏறுறவன் நின்னா மறுபடி எடுக்க முடியுமா?”

அதற்கப்புறம் பிரேக்கைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், பிரேக்கையே நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்று. அடுத்த இரண்டு வாரத்தில் ஏறுகிற வண்டிக்கு வழிவிடும் விதியையும், பிரேக் சூட்டைக் காட்டுகிற சிவப்புக் கோட்டையும் சேர்த்தேன். இப்போது விளையாடுகிறவர்கள் பாராட்டுவது அந்த இரண்டைத்தான்.

கேமில் தமிழ் எழுத்து உடைகிறது. என்ன செய்வது?

இதை முன்கூட்டியே பார்க்காமல் ஸ்டோரில் ஏற்றாதீர்கள். நான் முதலில் யூனிட்டி என்ற இன்னொரு கேம் இன்ஜினில் தொடங்கினேன். முதல் திரையில் ‘சேலம்’ என்று எழுதி ஓட்டிப் பார்த்தால் ‘சலேம்’ என்று வந்தது. சேலத்துக்காரன் செய்த கேமில் ஊர்ப் பெயரே தப்பு.

காரணம் எளியது. கம்ப்யூட்டர் எழுத்துகளைப் பதிவு செய்கிற யூனிகோடு முறையில் ச முதலில், ஏகாரக் குறி அதன் பின்னால் பதிவாகும். காட்டும்போது அந்தக் குறியைத் தூக்கி எழுத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். அப்படி இடம் மாற்றுகிற வேலையை யூனிட்டியில் எழுத்தைத் திரையில் காட்டுகிற டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ நமக்குச் செய்து தரவில்லை, பதிவான வரிசையிலேயே வைத்துவிட்டது. ஏகாரக் கொம்பு அடுத்த ல-வுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ‘டு’, ‘கு’ மாதிரியான எழுத்துகளும் சேராமல் தனித்தனியே நிற்கும்.

2023 மார்ச்சில் வந்த கோடாட் 4-இலிருந்து இந்த வேலையை இன்ஜினே பார்த்துக்கொள்கிறது. அதற்காகவே நான் இன்ஜின் மாறினேன், மூன்று மாத உழைப்பு போச்சு. இன்ஜினை மாற்ற முடியாதவர்கள் தலைப்பு, பொத்தான் போன்ற சிறு சொற்களைப் படமாகவே வைத்துவிடலாம். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், மீரா இனிமை மூன்றுமே திறந்த உரிமத்தில் இருக்கின்றன, கேமுக்குள் வைத்து வெளியிடலாம்.

ப்ளே ஸ்டோர் பக்கத்தின் விளக்கத்தையும் தமிழில் தனியாக எழுதலாம். எழுதுங்கள், பாதிப் பேர் எழுதுவதே இல்லை.

இலவசமாக விட்டால் யாரும் மதிக்க மாட்டார்களாமே?

என் அப்பாவும் இதைத்தான் கேட்டார். “சும்மா தர்றதுக்கா ரெண்டு வருஷம் கண்ணு முழிச்ச?”

ஜப்பானில் ஒருவர் ஐந்து வருடம் தனியாக உட்கார்ந்து செய்து 2004-இல் இலவசமாக விட்டது ‘கேவ் ஸ்டோரி’. பிற்பாடு மெருகேற்றிய பதிப்பு விலைக்கு வந்தது, பழையது இன்றும் சும்மா கிடைக்கிறது. ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ 2006-இலிருந்து இலவசம், 2022 டிசம்பரில் படங்களோடு ஸ்டீமில் விலைக்கு வந்தபோது பல வருடம் சும்மா விளையாடியவர்களே வாங்கினார்கள். இவை விதிவிலக்குகள்தான், எனக்கும் உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. இலவசம் என்பதாலேயே ஒரு கேம் மட்டமாகிவிடாது என்பதற்குச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஸ்டோரில் பல்லைப் பிடித்துத்தான் பார்ப்பார்கள், குளம்பையும் தூக்கிப் பார்ப்பார்கள். காசு கொடுத்தவராவது இவ்வளவு கொடுத்தோமே என்று பத்து நிமிடம் பொறுப்பார். சும்மா எடுத்தவர் முதல் வளைவில் முட்டிக்கொண்டால் ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போய்விடுவார். எனக்கு வந்த முதல் ரிவ்யூ: “ஆரஞ்சு ஆரஞ்சு மாதிரி இல்லை.” அதில் நியாயம் இருந்தது, தக்காளி மாதிரிதான் இருந்தது. மாற்றிவிட்டேன்.

முதலில் இலவசம், பிறகு விலை வைக்கலாமா?

ப்ளேயில் முடியாது. ஒருமுறை இலவசம் என்று வெளியிட்டுவிட்டால் அதே கேமுக்கு விலை போட வழியே இல்லை, வேறு பேக்கேஜ் பெயரில் (ஸ்டோர் கேமை அடையாளம் காண்கிற பெயர்) புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். விலையிலிருந்து இலவசத்துக்கு இறங்கலாம். கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் வெளியிடும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இட்ச்சில் இந்தக் கெடுபிடி இல்லை. ‘விருப்பப்பட்டதைக் கொடுங்கள்’ என்று வைக்கலாம், பூஜ்யமும் அதில் அடக்கம். வருகிற காசில் தளத்துக்கு எத்தனை சதவீதம் என்பதைக்கூட நாமே வைக்கலாம், மாற்றாமல் விட்டால் பத்து.

விளம்பரம் போட்டால் செலவாவது தேறுமே?

போடுவது உங்கள் இஷ்டம். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாபில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். சில நூறு பேர் விளையாடுகிற கேமுக்கு அது எப்போது சேரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பத்தாவது கொண்டை ஊசியில் திரும்பும்போது ரம்மி விளம்பரமோ கடன் விளம்பரமோ குறுக்கே வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று ஒரு தரம் கற்பனை செய்தேன். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘வணிகத்துக்குக் கூடாது’ என்ற உரிமத்தில் எடுத்த இசையையோ படத்தையோ வைத்திருந்தால், விளம்பரம் வந்ததும் நீங்கள் உரிமத்தை மீறியவர் ஆகிவிடலாம்.

சினிமாப் பாட்டு வைக்கலாமா? இலவசம்தானே?

கூடாது. இலவசமாகக் கொடுத்தாலும் உரிமை அவர்களுடையதுதான். கென்னி தளத்தில் படங்களும் சத்தங்களும், யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற சிசி0 உரிமத்தில் கிடைக்கின்றன, பெயர்கூடப் போட வேண்டியதில்லை. என் கேமில் ஹாரன் சத்தம் டெம்போ மாமாவின் வண்டியில் பதிவு செய்தது.

என் பெயர், முகவரி வெளியே தெரியுமா?

ப்ளேயில் தனிநபர் அக்கவுண்ட் என்றால் சட்டப்படியான பெயர், நாடு, இமெயில் தெரியும். கேமில் காசு வாங்கினால் முழு முகவரியும் தெரியும். காசுக்கு ஆசைப்படும் முன் இதையும் யோசியுங்கள், முக்கியமாகப் பெண்கள். டெவலப்பருக்கென்று தனி இமெயில் ஒன்று திறந்துகொள்ளுங்கள். ஸ்டீமிலும் இட்ச்சிலும் பக்கத்தில் புனைபெயர் போதும்.

எனக்கு 18 ஆகவில்லை.

ப்ளே அக்கவுண்டுக்கு 18 ஆக வேண்டும். அதுவரை இட்ச் லிங்கை வகுப்பில் சுற்றவிடுங்கள்.

போட்டுவிட்டால் வேலை முடிந்ததா?

ஸ்டீமிலும் இட்ச்சிலும் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். ப்ளேயில் முடியாது. வருடா வருடம் புது ஆண்ட்ராய்டு வரும், அதற்கேற்ப கேமை மறுபடி கட்டி ஏற்ற வேண்டும். ரொம்ப நாள் விட்டுவிட்டால் புதுப் போன் வைத்திருக்கிறவர்களின் தேடலில் உங்கள் கேம் தெரியாமல் போகும். தனியுரிமைக் கொள்கைப் பக்கம் ஒன்றும் வேண்டும். எதையும் சேகரிக்கவில்லை என்றாலும், சேகரிக்கவில்லை என்று எழுதி வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். பேக்கேஜ் பெயரை முதலிலேயே யோசித்து வையுங்கள், பிறகு மாற்ற முடியாது. கேம் நம்முடையதுதான் என்று காட்டுகிற கையொப்பச் சாவி ஃபைலை இரண்டு இடத்தில் வையுங்கள். என்னுடையது ஒன்று பென்டிரைவில், கடையின் பழைய கணக்கு நோட்டுகள் இருக்கிற பீரோவில் தூங்குகிறது.

எதிர்பாராமல் ஹிட் ஆகிவிட்டால்?

சிரிக்காதீர்கள், கேட்டவன் ஒரு தம்பி, உண்மையாகவே பயந்திருந்தான். ‘ஃப்ளாப்பி பேர்ட்’ செய்த வியட்நாம்காரர் 2013 மேயில் அதை இலவசமாக விட்டார். எட்டு மாதம் சீந்துவார் இல்லை. 2014 ஜனவரியில் உலகமே விளையாடியது. பிப்ரவரியில், தாங்க முடியவில்லை என்று அவரே எடுத்துவிட்டார். உனக்கு அப்படி ஆனால் எனக்கு ஒரு போன் போடு என்றேன். இன்னும் வரவில்லை.

பிடிக்காவிட்டால் பிறகு எடுத்துவிடலாமா?

மூன்றிலும் எடுக்கலாம். இட்ச்சில் பக்கத்தையே அழித்துவிடலாம். ப்ளேயில் வெளியீட்டை நிறுத்தினால் புதியவர்களுக்குத் தெரியாது, ஏற்கெனவே இன்ஸ்டால் செய்தவர்கள் போனில் இருந்துகொண்டேதான் இருக்கும். ஸ்டீமில் பக்கத்தை எடுத்தாலும், முன்பே தங்கள் லைப்ரரியில் சேர்த்துக்கொண்டவர்களிடம் கேம் நிற்கும். கட்டிய 100 டாலர் திரும்பாது.